காயல் தீவுகளில் வாழிட மீட்பு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

காயல் தீவுகளைப் பற்றிப் பேசப் போகிற இடங்களில் எல்லாம் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்பவர் கல்லூரி மாணவராக இருக்கலாம், தன்னார்வக் குழுவாக இருக்கலாம், நிதி தர முன்வந்தவராக இருக்கலாம், தீவை ஒட்டி வலை போடுபவராகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போகும் என்பதால் எண் போட்டிருக்கிறேன்.

1. காயல் தீவுன்னா என்ன? கடல்ல இருக்கிற தீவு மாதிரிதானே?

கடலிலிருந்து மணல் திட்டால் பிரிந்து, ஒன்றோ இரண்டோ வாய் வழியாக மட்டும் கடலோடு தொடர்புள்ள ஆழமில்லாத நீர்ப்பரப்புதான் காயல். உப்பங்கழி, கழி, களப்பு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மட்டக்களப்பு என்ற பெயருக்குள்ளேயே அந்தக் களப்பு இருக்கிறது. அதற்குள் இருக்கும் மணல் மேடு, வண்டல் திட்டு, அலையாத்தி மண்டிய துண்டு நிலம் எல்லாமே காயல் தீவுகள்தான்.

கடல் தீவோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் உயரம். பல காயல் தீவுகளில் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரமுள்ள இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சில தீவுகள் வருடத்தில் கொஞ்ச காலம் தீவாகவே இருப்பதில்லை. ஒடிசாவின் சிலிகா ஏரியில் உள்ள நளபன சுமார் 15 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் அது நீருக்குள் போய்விடும். நீர் வடிந்ததும் சேறாக மேலே வரும், அப்போதுதான் வலசைப் பறவைகள் வந்து இறங்கும். மூழ்குவதைக் கோளாறு என்று நினைத்து யாராவது மண் கொட்டி உயர்த்தினால், பறவைகள் தேடி வரும் சேறு இருக்காது.

2. வாழிட மீட்புன்னா மரம் நடுறதுதானே? அதுக்கு எதுக்குப் பெரிய திட்டம்?

யாரும் நடாததால் மரம் இல்லாமல் போகவில்லை. அலையாத்தி மரங்கள் தங்கள் விதைகளைத் தண்ணீரில்தான் விடுகின்றன. பக்கத்தில் ஒரு தாய்க்காடு இருந்தால் கடல் ஏற்றத்தோடு விதை வந்து ஒதுங்கிக்கொண்டே இருக்கும். விதை வந்தும் முளைக்கவில்லை, முளைத்தும் நிற்கவில்லை என்றால் அங்கே ஏதோ ஒன்று தடுக்கிறது. நீர் தேங்கியிருக்கலாம், மண்ணில் உப்பு மிஞ்சியிருக்கலாம், ஆடு மேய்ந்திருக்கலாம், படகு எழுப்பும் அலை அடித்துப்போயிருக்கலாம். அந்தத் தடையைக் கண்டுபிடித்து நீக்குவதுதான் மீட்பு. நடவு அதற்குள் ஒரு சின்ன வேலை, பல இடங்களில் தேவையே படாத வேலை.

இன்னொன்று, காயல் தீவின் வாழிடம் என்பது மரம் மட்டும் இல்லை. சேற்றுப் பரப்பு, உமரிச் செடி படர்ந்த உப்பு நிலம், வெறும் மணல் திட்டு, கரையோரக் கோரை, சுற்றியிருக்கும் கடற்புல் எல்லாம் சேர்ந்ததுதான். எல்லாவற்றையும் மரமாக்குவது மீட்பு ஆகாது.

3. சரி, எங்கேருந்து தொடங்கணும்?

‘ஏன் போச்சு’ என்ற கேள்வியிலிருந்து. பழைய நில அளவை வரைபடங்கள், வான்படங்கள், செயற்கைக்கோள் படங்கள் இவற்றை வருட வாரியாக அடுக்குங்கள். லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, இலவசமாகவே கிடைக்கின்றன. தீவு எந்தப் பக்கம் கரைந்தது, எந்த ஆண்டுக்குப் பிறகு கரைந்தது, பச்சை எப்போது குறைந்தது என்பதெல்லாம் அதில் தெரியும். ஆனால் ஏன் என்பது தெரியாது. அதற்கு ஆட்களிடம் போக வேண்டும்.

ஒரு தீவின் வடக்குக் கரை புயலால் போனது என்று நாங்கள் அறிக்கையில் எழுதியே விட்டோம். படகு ஓட்டி வந்த பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். “புயல் வரும் போகும் தம்பி. அந்தப் பக்கம் பாலத்துக்கு மண் கொட்டின வருஷத்துலேருந்துதான் நீரோட்டம் இங்கே திரும்புச்சு” என்றார். படங்களை மறுபடி பார்த்தோம், அவர் சொன்னதுதான் சரி. புயல் என்று நம்பியிருந்தால் கரையில் நாற்று நட்டிருப்போம், அது ஒரு மழைக்கால நீரோட்டத்தைக்கூடத் தாங்கியிருக்காது.

4. எந்த வருஷத்து நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோறது? வெள்ளைக்காரன் காலத்து வரைபடமா?

காயல் அசையாத பொருள் இல்லை. மணல் திட்டு நகரும், வாய் இடம் மாறும், தீவு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளரும். ஒரு வருடத்தைக் குறித்து அப்படியே திருப்ப நினைத்தால், இன்று வரும் ஆற்று நீரும் வண்டலும் அந்த வருடத்தின் அளவில் இருக்காது. மேலே அணை கட்டியிருப்பார்கள்.

அதனால் காலத்தைத் தேடுவதைவிட இடத்தைத் தேடுவது நல்லது. அதே காயலில், அதே உப்பு, அதே ஏற்றவற்றம் உள்ள, ஓரளவு கெடாத ஒரு தீவை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மட்டத்தில் எது வளர்கிறது, எங்கே பறவை முட்டையிடுகிறது என்று அங்கே பார்த்துக் குறித்தால் உங்கள் தீவுக்கான இலக்கில் பாதி கிடைத்துவிடும்.

5. எதுக்கெடுத்தாலும் மட்டம், மட்டம்னு சொல்றீங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். காயல் தீவில் பத்து சென்டிமீட்டர் வித்தியாசத்தில் வேறு உலகம் தொடங்கிவிடும். அலையாத்தி பொதுவாகச் சராசரிக் கடல்மட்டத்துக்கும் மிக உயர்ந்த ஏற்றத்துக்கும் இடைப்பட்ட பட்டையில்தான் வளரும். அதற்குக் கீழே சேற்றுப் பரப்பு, இன்னும் கீழே கடற்புல். மேலே உமரி, அதற்கும் மேலே புல்லும் புதரும். புளோரிடாவில் அலையாத்தி மீட்பில் நெடுங்காலம் உழைத்த ராய் ராபின் லூயிஸ் இதை எளிதாகச் சொல்வார்: நல்ல அலையாத்தி நிலம் மொத்த நேரத்தில் 30 சதவீதமோ அதற்குக் குறைவாகவோதான் நீருக்கடியில் இருக்கும். மீதி நேரம் வேர் காற்றுக் குடிக்க வேண்டும். பாதி நாள் மூழ்கிக் கிடக்கும் இடத்தில் நடப்பட்ட நாற்று மூச்சுத் திணறித்தான் சாகும்.

அளப்பதற்குப் பெரிய கருவி கட்டாயம் இல்லை. அளவு குறித்த ஒரு கம்பத்தைத் தீவின் ஓரத்தில் ஊன்றி, ஒருவர் நேரம் பார்த்துப் படித்து எழுதினால் போதும். தானாகப் பதியும் கருவி இருந்தால் இரவும் கணக்கில் வரும். நிலத்தின் உயரத்தை ஆட்டோ லெவல் என்ற நில அளவைக் கருவி வைத்து எடுக்கலாம். சின்னத் தீவுக்குக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே கை கொடுக்கும். முக்கியம், அந்தக் கம்பமும் நில அளவும் ஒரே குறியிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. துறைமுகத்துக்கான ஏற்றவற்ற அட்டவணையைக் காயலுக்கு எடுக்காதீர்கள். குறுகிய வாய் வழியாக உள்ளே வரும்போது ஏற்றத்தின் உயரம் குறைந்துவிடும், நேரமும் தள்ளிப்போகும். உள்ளே காற்றும் ஆற்று வெள்ளமும்தான் பல நாள் மட்டத்தை முடிவு செய்கின்றன. அடுத்து, அமாவாசை, பவுர்ணமி, அட்டமி எல்லாம் வருகிற மாதிரி குறைந்தது ஒரு மாதம் படியுங்கள், மழைக்காலத்தில் இன்னொரு மாதம் படியுங்கள். நாங்கள் ஒரு முறை ஏற்றம் குறைவாக இருக்கும் அட்டமியை ஒட்டிய நான்கு நாளில் அளந்துவிட்டு, ஒரு மேட்டை ‘நீர் ஏறாத இடம்’ என்று குறித்தோம். அடுத்த அமாவாசைக்கு அதே மேட்டில் போட்டிருந்த எங்கள் கூடாரத்துக்குள் தண்ணீர் வந்தது.

6. முகத்துவாரம் எங்கியோ பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அதுக்கும் எங்க தீவுக்கும் என்ன சம்பந்தம்?

தீவுக்கு வரும் உப்பு, மட்டம், மீன் குஞ்சு, வண்டல் எல்லாவற்றையும் அந்த வாய்தான் தீர்மானிக்கிறது. சிலிகாவே இதற்குச் சாட்சி. 1981-இல் ராம்சார் தலமான, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பட்டியலில் சேர்ந்த, அந்த ஏரி, வண்டல் நிறைந்து, வாய் அடைபட்டு, உப்பு குறைந்து, நன்னீர்க் களை மண்டியதால் 1993-இல் சீர்கெட்ட தலங்களுக்கான மாண்ட்ரோ பதிவேட்டில் ஏறியது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டினார்கள். உப்பு திரும்பியது, களை பின்வாங்கியது, மீன்பாடு கூடியது. 2002-இல் அந்தப் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. தீவுகளில் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தால் இது நடந்திருக்காது.

அதற்காக எல்லா வாயையும் அகலமாக வெட்டிவிடலாம் என்று அர்த்தமில்லை. வாய் பெரிதானால் ஏற்றத்தின் வேகம் கூடும், உப்பு கூடும், வாய்க்கு நேரே உள்ள தீவு கரையத் தொடங்கும். வெட்டிய வாயில் மணல் மறுபடி சேரவும் செய்யும். நீரியல் கணக்குப் போடாமல் பொக்லைன் இயந்திரத்தை இறக்கக் கூடாத வேலை இது. உங்கள் கையில் அந்த அதிகாரம் இல்லாவிட்டாலும், வாய் அடைந்தால் என்ன ஆகும், திறந்தால் என்ன ஆகும் என்று இரண்டு நிலைக்கும் திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

7. வாய்க்கால் வெட்டினா அலையாத்தி தானா வந்துடும்னு சொல்றாங்களே, உண்மையா?

சில இடங்களில் உண்மை. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் நடந்ததைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்திலிருந்து அங்கே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனதும் மண்ணின் ஈரம் வற்றி, நிலம் அமிழ்ந்து நடுவில் தொட்டி மாதிரி ஆனது. ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப் போனது. அந்த உப்பில் எதுவும் முளைக்கவில்லை. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நடுவில் பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள். ஏற்றவற்றம் உள்ளே போய்வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போனது. பிறகு வாய்க்கால் சரிவில் நட்ட வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் பிடித்துக்கொண்டது.

அமெரிக்காவில் புளோரிடாவின் வெஸ்ட் லேக் பகுதியில் சுமார் 500 ஹெக்டேரில் நீர்வழியைச் சரிசெய்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். நாற்றே நடவில்லை, மிதந்து வந்த விதைகளே காடாயின. ஆனால் உங்கள் தீவின் நோய் ‘தேங்கிய உப்பு’ இல்லை என்றால் வாய்க்கால் மருந்தும் இல்லை. மணல் தீவில் வாய்க்கால் வெட்டினால் தீவு இரண்டாகப் பிளக்கும், அவ்வளவுதான். சேற்று நிலத்திலும் வாய்க்கால் தூர்ந்துபோகும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தரம் வாருவதற்கான கூலியை முதல் நாளே ஒதுக்கி வைக்க வேண்டும்.

8. அப்போ நாற்று நடவே கூடாதா?

நடலாம், கடைசியாக. தடையை நீக்கி, ஒன்றிரண்டு விதைப் பருவம் காத்திருந்து பாருங்கள். பக்கத்தில் தாய்மரம் இல்லாததாலோ, நீரோட்டம் விதையைக் கொண்டுவராததாலோ எதுவும் வரவில்லை என்றால் அப்போது நடுங்கள்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். சுனாமிக்குப் பிறகு அங்கே பல இடங்களில் அலையாத்தி நட்டார்கள். 23 நடவிடங்களை, ஏறக்குறைய 1,000 முதல் 1,200 ஹெக்டேரை, ஆய்வாளர்கள் பின்னர் போய்ப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வின்படி 200 முதல் 220 ஹெக்டேர்தான் தேறியிருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்தது கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்று இடங்களில் மட்டும். பெரும்பாலும் ஐந்தாம் பதிலில் சொன்ன மட்டப் பிழை, தவறான இடத்தேர்வு, நட்டபின் கவனிக்காதது.

9. எந்த மரம் நல்ல மரம்?

அந்த இடத்து மட்டமும் உப்பும் கேட்கிற மரம். உப்பு மிகுந்த இடத்தை வெண்கண்டல் தாங்கும். ஓடை ஓரமாக அடிக்கடி நீர் ஏறும் சேற்றுக்குச் சுரபுன்னை. நிலம் உயர்ந்த பக்கத்தில் தில்லை. உப்புப் பூத்த மேட்டுக்கு உமரியே போதும், அங்கே மரம் கேட்காதீர்கள். சுரபுன்னையின் விதை முருங்கைக்காய் மாதிரி நீளமானது. பொறுக்குவது சுலபம், சேற்றில் குத்தினால் நிற்கும், படத்துக்கும் அழகு. உலகம் முழுக்க அது தவறான இடங்களில் நடப்படுவதற்கு முக்கியக் காரணம் இந்த வசதிதான்.

10. தீவு கரைஞ்சுகிட்டே போகுது. கல்லைக் கொட்டித் தடுத்துடலாமா?

கொட்டினால் அந்த இடத்தில் கரைவது நிற்கும். ஆனால் கல்லில் மோதித் திரும்பும் அலை அதன் காலடி மண்ணைப் பறிக்கும், கல் முடியும் இடத்தில் கரை இன்னும் வேகமாகப் போகும். நீருக்கும் நிலத்துக்கும் நடுவே இருந்த சரிவு மறைந்துவிடுவதால் நண்டு, நீர்ப்பறவை, ஆமை யாருக்கும் ஏறி இறங்க வழி இருக்காது. கிணறு, கோயில், குடியிருப்பு என்று விடவே முடியாத ஒன்று கரையில் இருந்தால் கல்லை யோசிக்கலாம்.

மற்ற இடங்களில் அலையை முழுதாகத் தடுக்காமல் தளர்த்தும் வழிகள் உண்டு. வெனிஸ் காயலில் உப்புச் சதுப்புத் தீவுகளின் ஓரத்தில் சுள்ளிக் கட்டுகளை வரிசையாகப் பதிக்கிறார்கள். அலை வேகம் இழந்து வண்டல் உள்பக்கம் படிகிறது. கட்டு சில வருடத்தில் மக்கிவிடும், அதற்குள் செடி பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே கணக்கு. சிப்பி வளரும் காயலில் சிப்பி ஓட்டு மேடுகளும் இதே வேலையைச் செய்யும். வேகமாகப் போகும் படகுகளால்தான் கரைகிறது என்றால் இவற்றைவிட மலிவான வழி படகின் வேகத்தைக் குறைப்பது.

நிலமே அமிழ்கிறதா என்றும் பாருங்கள். இந்தோனேசியாவில் ஜாவாவின் தெமாக் கரையில் மூங்கிலும் சுள்ளியும் கொண்டு வேலி கட்டினார்கள். வண்டல் சேரத்தான் செய்தது. ஆனால் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் தரை வேகமாக அமிழ்ந்துகொண்டிருந்தது, வேலி அதை எப்படித் தடுக்கும்? மன்னார் வளைகுடாத் தீவுகள் காயலுக்குள் இருப்பவை அல்ல, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது: அலையை வாங்கிக்கொண்டிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள், 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இப்போது நீருக்கடியில்.

11. முகத்துவாரத்துல தூர்வாருற மண்ணு சும்மாதானே கிடக்கு? அதைக் கொட்டித் தீவை உயர்த்தலாமே?

நல்ல யோசனைதான், செய்தும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் பாப்லர் தீவு 1847-இல் 1,100 ஏக்கருக்கு மேல் இருந்தது, 1990-களில் சுமார் ஐந்து ஏக்கராகத் தேய்ந்தது. பால்டிமோர் துறைமுகக் கால்வாய்களில் வாரிய மண்ணைக் கொண்டு 1998-இல் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். பாதி ஈரநிலம், பாதி மேட்டுநிலம். பறவைகளோடு உவர்நீர் ஆமைகளும் வந்து முட்டையிட்டன. அது பல பத்தாண்டு வேலை, பின்னால் ஒரு துறைமுகத்தின் பணம் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

சின்ன அளவில் செய்பவர்கள் மூன்று இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, வாரிய சேறு காயக் காய அமிழும். இன்று சரியான மட்டத்தில் நிரப்பினால் இரண்டு வருடத்தில் குறைந்துபோகும், எவ்வளவு என்பதைச் சோதித்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். இரண்டு, துறைமுகத்தையோ தொழிற்சாலையையோ ஒட்டி வாரிய மண்ணில் கன உலோகமும் எண்ணெயும் இருக்கலாம். மூன்றாவதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. நீருக்கடியில் காற்றுப் படாமல் கிடக்கும் சேற்றில் இரும்புச் சல்பைடு இருக்கும். அதை வெளியே எடுத்துக் காயவிட்டால் கந்தக அமிலம் உண்டாகும். மண்ணின் அமிலத்தன்மை செடி வேரையே எரிக்கிற அளவுக்கு ஏறும், மழையில் அது கரைந்து சுற்றியுள்ள மீனையும் கொல்லும். ஆய்வகச் சோதனை இல்லாமல் ஒரு கூடை மண்ணைக்கூட இறக்காதீர்கள்.

12. எங்க தீவு வெறும் மணலா மொட்டையா கிடக்கு. பச்சையாக்கினா நல்லதுதானே?

யாருக்கு நல்லது? ஆலாப் பறவைகளும் உப்புக்கொத்திகளும் வெறும் மணலிலோ சிப்பி ஓட்டுக் குவியலிலோதான் முட்டையிடும். முட்டையும் மணல் நிறத்திலேயே இருக்கும். தூரத்தில் வரும் எதிரி தெரிய வேண்டும் என்பதால் அவற்றுக்குத் திறந்த இடம் வேண்டும். அங்கே நான்கு சவுக்கு மரம் நட்டால் காக்கையும் பருந்தும் உட்கார்ந்து பார்க்க மேடை கிடைத்துவிடும், அந்த வருடக் குஞ்சுகள் அவ்வளவுதான்.

மொட்டையாக இருக்கிறது என்று எழுதுவதற்கு முன் ஒரு முழு வருடம், குறிப்பாக இனப்பெருக்கக் காலத்தில், யார் வந்து போகிறார்கள் என்று பாருங்கள். இப்படிப்பட்ட தீவுக்கு மீட்புத் திட்டம் என்பது பல நேரம் செடியைப் பிடுங்குவது, நாயை அப்புறப்படுத்துவது, முட்டைக் காலத்தில் ஆட்களைக் கரையேற விடாமல் இருப்பது. தொடக்க விழாவுக்கு ஏற்ற வேலை இல்லைதான்.

13. எலியும் சீமைக்கருவேலமும் பெருகிக் கிடக்கு. முதல்ல எதைக் கை வைக்கிறது?

எலியை. எலி இருக்கும் தீவில் முட்டையும் நிலைக்காது, விதையும் நிலைக்காது. பசிபிக்கின் நடுவில் உள்ள பல்மைரா பவளத்தீவில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எலி குடியேறியது. முதல் ஒழிப்பு முயற்சி தோற்றது. வைத்த நஞ்சுணவை நண்டுகள் தின்றன, எலிகள் மரத்தின் மேலேயே குடியிருந்தன. இவற்றைக் கணக்கில் எடுத்து 2011-இல் மறுபடி செய்தபோது எலி ஒழிந்தது. நாட்டு மரக் கன்றுகள் ஏராளமாக முளைத்தன. கூடவே அங்கே வேண்டாத தென்னங்கன்றுகளும் பெருகின, அடுத்து அதைக் கவனிக்க வேண்டியதாயிற்று. ஒரு தடையை நீக்கினால் வேண்டாததும் சேர்ந்து தலைதூக்கும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். படகில் எலி திரும்ப ஏறி வராமல் பார்ப்பது முடிவே இல்லாத வேலை.

சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் தூரிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். வேரோடு தோண்ட வேண்டும், விதை மண்ணில் கிடக்கும் என்பதால் சில வருடம் கன்று பொறுக்க வேண்டும். நெற்றைத் தின்னும் ஆடுமாடு தீவுக்கு வந்துகொண்டிருந்தால் இரண்டும் வீண். ஆனால் அதில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருந்தால் ஒரே மூச்சில் அழிக்காதீர்கள், வேறு மரம் எழும் வரை பகுதி பகுதியாகப் போங்கள்.

14. தீவுக்கு மட்டும் திட்டம் போட்டா போதுமா, சுத்தியிருக்கிற தண்ணிக்கும் போடணுமா?

தண்ணீருக்கும் போட வேண்டும். கடற்புல் அலையைத் தளர்த்தும், வண்டலைப் பிடித்து வைக்கும். அது போனால் தீவின் கரைக்கு அடி விழும். வர்ஜீனியாவின் கடலோரத் தடுப்புத் தீவுகளுக்குப் பின்னால் உள்ள காயல்களில் 1930-களில் நோயும் 1933 புயலும் சேர்ந்து கடற்புல்லை அடியோடு அழித்தன. 1999 முதல் ஏறக்குறைய 20 ஆண்டுகளில் 7 கோடிக்கும் மேற்பட்ட விதைகளைத் தூவினார்கள். தூவிய பரப்பு சுமார் 210 ஹெக்டேர், அது தானாகப் பரவி 3,600 ஹெக்டேர் ஆனது. அந்த நீர் தெளிவாக இருந்தது, விதை மட்டும்தான் இல்லாமல் இருந்தது. கலங்கிய நீரில் இதையே செய்தால் விதைக் காசு வீண், ஏனென்றால் கடற்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும்.

15. மீனவர்கள் எதிர்க்கிறாங்க. எப்படிப் புரிய வைக்கிறது?

புரிய வைக்கப் போகாதீர்கள், புரிந்துகொள்ளப் போங்கள். பழவேற்காட்டில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்பதை முறை வைத்துப் பிரிக்கும் ‘பாடு’ என்ற ஏற்பாடு தலைமுறைகளாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் நீர்ப்பரப்பு, உள்ளே இருப்பவருக்கு அது யாருக்கு என்றைக்கு என்று பங்கு போட்ட இடம். நீங்கள் அடிக்கும் சுள்ளி வேலி ஒருவருடைய ‘பாடு’ இடத்தின் குறுக்கே போனால் அவர் பிடுங்கத்தான் செய்வார். கரையோரம் கையால் இறால் தடவும் பெண்கள் பெரும்பாலும் கூட்டத்துக்கு அழைக்கப்படுவதே இல்லை. தீவின் ஓரம் பாதிக்கப்பட்டால் முதல் அடி அவர்களுக்குத்தான்.

வரைபடம் இறுதியாகும் முன், பென்சிலில் இருக்கும்போதே எடுத்துப் போங்கள். மூன்றாம் பதிலில் வந்த படகுக்காரர் மாதிரி ஒருவர் எதிர்ப்போடு சேர்த்துத் தகவலும் தருவார்.

16. அனுமதி யார்கிட்ட வாங்கணும்?

நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி அலையாத்தி நிலம் மிகக் கடுமையான பிரிவில் வரும். 1,000 சதுர மீட்டருக்கு மேல் அலையாத்தி இருந்தால் சுற்றி 50 மீட்டரும் அதே பிரிவுதான். சரணாலயத்துக்குள் இருந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். நல்ல காரியம்தானே என்று அனுமதி இல்லாமல் வாய்க்கால் வெட்டுவதும் சட்ட மீறல்தான். எந்த நாடாக இருந்தாலும் அனுமதிக்கான மாதங்களை ஐந்தாம் பதிலில் உள்ள மட்ட அளவீட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

17. கடல் மட்டம் ஏறிக்கிட்டே போகுது. எல்லாம் மூழ்கப் போற தீவுக்கு எதுக்கு இந்தச் செலவு?

நியாயமான கேள்வி, சுலபமான பதில் இல்லை. உலகச் சராசரிக் கடல்மட்டம் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்குச் சுமார் 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. வண்டல் தாராளமாக வரும் இடத்தில் சதுப்பும் அலையாத்தியும் வண்டலைப் பிடித்து, வேரை அடுக்கி, தாமும் உயரும். வண்டல் வராத காயலில் அது முடியாது. எனவே உங்கள் தீவுக்கு வண்டல் வருகிறதா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. தரையில் ஒரு குறி பதித்து அதன் மேல் ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் படிகிறது என்று அளக்கலாம்.

படிவு கடல்மட்ட உயர்வை எட்டினால் தாராளமாகச் செலவு செய்யுங்கள். எட்டவில்லை என்றால், செங்குத்தான கரைகளைச் சரித்து, வாழிடம் மேலேறிப் போக இடம் விடலாம், பதினோராம் பதிலில் சொன்ன எச்சரிக்கையோடு மெல்லிய படலமாக மண் சேர்க்கலாம். இரண்டுக்கும் வழியில்லாத தீவில் நான் பணம் போடமாட்டேன். அதே காயலில் தாக்குப்பிடிக்கக்கூடிய இன்னொரு தீவைத் தேடுவேன்.

18. ஜெயிச்சோமா தோத்தோமான்னு எத்தனை வருஷத்துல தெரியும்?

நாற்று பிழைத்த கணக்கு ஒரு வருடத்தில் தெரியும், ஆனால் அது வெற்றிக் கணக்கு இல்லை. ஐந்து வருடமாவது பார்க்க வேண்டும். மட்டம் நிலைத்ததா, உப்பு இறங்கியதா, நாம் நடாத கன்று தானாக முளைக்கிறதா, சேற்றில் நண்டு வளையும் புழுவும் வந்தனவா, பறவை வெறுமனே இறங்கியதா இல்லை குஞ்சு பொரித்ததா? நான்காம் பதிலில் எடுத்துக்கொண்ட ஒப்பீட்டுத் தீவையும் இதே மாதிரி அளக்க வேண்டும். ஒரு வருடம் இரண்டு தீவிலும் பறவை குறைந்தால் குற்றம் உங்கள் திட்டத்தில் இல்லை.

19. பணம் கொடுக்கிறவங்க ஒரு வருஷத்துல இத்தனை ஆயிரம் நாற்றுன்னு கணக்குக் கேட்கிறாங்க. என்ன பண்றது?

இதைத்தான் திட்டம் எழுதுபவர்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். நாற்று எண்ணிக்கை அறிக்கையில் எழுத வசதியானது, அதனால்தான் கேட்கப்படுகிறது. அதற்குப் பதிலாக வேறு எண்ணைக் கொடுங்கள். திறந்துவிட்ட நீர்வழி எத்தனை மீட்டர், ஏற்றம் திரும்பி வந்த பரப்பு எத்தனை ஹெக்டேர், மண்ணின் உப்பு எவ்வளவு இறங்கியது. இவையெல்லாம் ஒரு வருடத்தில் காட்டக்கூடியவை. எட்டாம் பதிலில் உள்ள இலங்கைக் கணக்கையும் கூட இணைத்து அனுப்புங்கள், பலர் மனம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். மாறாதவர்களும் உண்டு. அவர்களிடம் வேண்டாம் என்று சொன்னதற்காக நான் இதுவரை வருத்தப்பட்டதில்லை, வாங்கிக்கொண்டதற்காக ஒரு முறை பட்டிருக்கிறேன்.

20. இவ்வளவு சிக்கலா இருந்தா, ஒண்ணும் பண்ணாம சும்மா விட்டுட்டா என்ன?

சில தீவுகளுக்கு அதுவே சரியான திட்டம். ஆனால் சும்மா விடுவதற்கும் கைவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. தடை இன்னும் இருக்கும்போது விட்டால் அது கைவிடுவது. தடை போய்விட்டது, விதை வந்து ஒதுங்குகிறது, மட்டம் சரியாக இருக்கிறது என்று அளந்து தெரிந்த பிறகு விட்டால், காத்திருப்பதே வேலை. ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டும்.

நாங்கள் வேலை செய்த ஒரு தீவில் பழைய இறால் குட்டையின் வரப்பை மூன்று இடத்தில் உடைத்துவிட்டோம், ஆடு கொண்டுவந்து விடுபவரோடு பேசி வேறு மேய்ச்சல் இடம் பார்த்துக் கொடுத்தோம். செய்தது அவ்வளவுதான். நாற்றங்காலுக்கு ஒதுக்கியிருந்த பணம் அப்படியே நின்றது. அதைக் கம்பத்தில் தினமும் மட்டம் படித்து நோட்டில் எழுதுகிற பெண்ணுக்குக் கூலியாக மாற்றினோம். மூன்றாவது மழைக்காலம் முடிந்ததும் அவரே போன் செய்து, வரப்பின் உள்பக்கம் வெண்கண்டல் முளைத்திருக்கிறது, எண்ணட்டுமா வேண்டாமா என்று கேட்டார்.